9,000 பவுண்டுக்குள் பழைய ரிப் படகு: எவ்வளவுக்குப் பேசி முடிக்கலாம்?

கேள்வி: சவுத்தாம்ப்டனில் இருக்கிறோம். நான், மனைவி, 12 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள். சேமிப்பு 16,000 பவுண்டு, குடும்பச் செலவு மாதம் 2,200. படகு வாங்க 9,000 வரை எடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அதன் பராமரிப்புக்கு மாதம் 150 ஒதுக்க முடியும். இரண்டு ரிப் படகுகளை (கெட்டியான அடிப்பாகத்தைச் சுற்றிக் காற்று நிரப்பிய ட்யூப் உள்ளவை) பார்த்து வைத்திருக்கிறோம். முதலாவது 2005-இல் கட்டியது, 5.4 மீட்டர், ஹைபலான் என்னும் செயற்கை ரப்பர் துணியாலான ட்யூப், 2015 யமஹா 70 ஹெச்.பி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். சொந்தக்காரரே டிரெய்லரோடு 7,250-க்கு விற்கிறார். இரண்டாவது 2011, 5.8 மீட்டர், எவின்ரூட் இ-டெக் 90 ஹெச்.பி., பார்க்கப் புதிது போல இருக்கிறது. புரோக்கர் 8,950 கேட்கிறார். வங்கி 9% வட்டிக்கு 5 ஆண்டுக் கடனாக 5,000 தரத் தயார். அதையும் சேர்த்து 14,000-க்கு இன்னும் நல்ல படகாக வாங்குவதுதான் புத்திசாலித்தனமா?

பதில்: கடன் வேண்டாம். மாதம் ஏறத்தாழ 103 பவுண்டு தவணை வரும், 5 ஆண்டில் வட்டி மட்டும் 1,200-ஐ நெருங்கும். நீங்கள் ஒதுக்கும் 150-இல் மூன்றில் இரண்டு பங்கு தவணைக்கே போய்விட்டால் பெட்ரோலுக்கும் சர்வீஸுக்கும் எதை எடுப்பீர்கள்? சர்வீஸ் தள்ளிப்போன படகுதான் நடுக்கடலில் நிற்கும், அதில் உங்கள் பிள்ளைகளும் இருப்பார்கள்.

9,000 எடுப்பதில் தவறில்லை. மீதி 7,000 மூன்று மாதக் குடும்பச் செலவுக்குச் சற்று அதிகம். அதைத் தொடாதீர்கள். ஆனால் அந்த 9,000 முழுவதும் படகின் விலை அல்ல. பெரியவர்கள் இருவருக்கும் ஆர்.ஒய்.ஏ. (பிரிட்டனின் படகோட்டச் சங்கம்) நடத்தும் பவர்போட் லெவல் 2 பயிற்சி, இரண்டு நாள்: சுமார் 600. சொந்த உபயோகத்துக்குப் படகு ஓட்டச் சட்டம் இதைக் கேட்பதில்லை, இருந்தாலும் பயிற்சி இல்லாமல் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம், பல காப்பீட்டாளர்கள் பிரீமியமும் குறைப்பார்கள். நான்கு லைஃப் ஜாக்கெட், கையடக்க வி.எச்.எஃப். ரேடியோ, நங்கூரம், உபரி கில் கார்டு (ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு): 500. டிரெய்லர் பூட்டு, சக்கரப் பூட்டு, எஞ்சின் பூட்டு: 150. வாங்கும் முன் சர்வேயரும் எஞ்சின் மெக்கானிக்கும் பார்க்க 300. முதல் ஆண்டில் வெளிவரும் பழுதுக்கு 1,000. இவை நான் போடும் உத்தேசக் கணக்கு, மொத்தம் 2,550. ஆக உங்கள் உச்ச விலை 6,450.

இந்தப் பணத்துக்கு பிரிட்டனில் நல்ல படகு கிடைக்கும். ரிப் உருவானதே வேல்ஸின் அட்லாண்டிக் கல்லூரியில்தான். ஆர்.என்.எல்.ஐ. உயிர்காப்புப் படையின் அட்லாண்டிக் 21 படகு 1972-இல் பணிக்கு வந்தது. ஏவான், ஹம்பர், ரிப்கிராஃப்ட் என்று உள்நாட்டிலேயே கட்டிய பழைய படகுகள் நிறைய இருக்கின்றன, ட்யூப் மாற்றித் தரும் பட்டறைகளும் உண்டு. அதனால் வயதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ட்யூப், எஞ்சின், டிரெய்லர் மூன்றில் எதன் ஆயுள் முதலில் முடியப்போகிறது, அதை மாற்ற எவ்வளவு ஆகும் என்பதுதான் விலையைத் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாவது படகை நான் ஒதுக்கிவிடுவேன். எவின்ரூட் உற்பத்தியை பி.ஆர்.பி. நிறுவனம் 2020 மே மாதம் நிறுத்திவிட்டது. எஞ்சின் கெட்டது என்பதல்ல என் வாதம். நாளை நீங்கள் விற்கப் போகும்போது உதிரிபாகத்தையும் மெக்கானிக்கையும் பற்றி வாங்குபவர் கேட்பார், விலை அங்கே இறங்கும். 8,950 கொடுத்துவிட்டால் பயிற்சிக்கும் பழுதுக்கும் கையில் ஒன்றும் மிஞ்சாது. இன்னொன்று, புரோக்கர் பெரும்பாலும் தனி உரிமையாளரின் சார்பில்தான் விற்பார். அலுவலகத்தையும் பலகையையும் பார்த்து 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 30 நாள் திருப்பித் தரும் உரிமை இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். அந்த உரிமை, வணிகர் தன் சொந்தச் சரக்கை விற்றால்தான். அப்படி ஒரு வணிகரிடம் வாங்க நேர்ந்தால் முன்பணத்தில் ஒரு பகுதியையாவது அவரிடம் நேரடியாக கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல், 30,000-க்கு மிகாத விலையுள்ள பொருளுக்கு 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவு, சிறு தொகையைக் கார்டில் கட்டினாலும் முழு விலைக்கும் கார்டு நிறுவனத்தைப் பொறுப்பாக்குகிறது.

முதல் படகுக்கு வருவோம். பணம் அதிகம் போகக்கூடிய இடம் ட்யூப்தான். 20 வயதான ஹைபலான், நல்ல பராமரிப்பில் இருந்திருந்தால் இன்னும் சில ஆண்டு ஓடும். இந்த அளவுப் படகுக்கு முழு ட்யூப் மாற்ற 4,500 முதல் 6,500 வரை ஆகலாம், அதாவது படகின் விலையே. முதலில் அது உண்மையில் ஹைபலானா, பி.வி.சி.யா என்று பாருங்கள். விற்பவரின் அனுமதியோடு மறைவான ஓரத்தில் துணியில் நனைத்த அசிட்டோனைத் தேயுங்கள். பி.வி.சி. பிசுபிசுக்கும், ஹைபலானில் கொஞ்சம் சாயம்தான் வரும். வெயிலில் கிடந்த பி.வி.சி. 20 ஆண்டுக்கு வெகு முன்னரே தளர்ந்துவிடும்.

அடுத்து அழுத்தச் சோதனை. ட்யூப் உள்ளே தனித்தனி காற்றறைகளாகப் பிரிந்திருக்கும். மாலையில் எல்லா அறைகளையும் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, பொதுவாக 240 மில்லிபார் அளவுக்கு ஏற்றி, அளவியில் குறித்துக்கொள்ளுங்கள், கூடவே வெப்பநிலையையும். காலையில் மறுபடி பாருங்கள். 1 டிகிரி குறைந்தால் சுமார் 4 மில்லிபார் தானாகவே இறங்கும். மாலை 18 டிகிரி, காலை 10 என்றால் 32 மில்லிபார் இறக்கம் இயல்பு. அதற்கு மேல் இறங்கினால் கசிவு. சோப்புத் தண்ணீரை வால்விலும் தையல் ஓரங்களிலும் பூசினால் குமிழி காட்டிக்கொடுக்கும். வால்வு என்றால் சில்லறைச் செலவு. பலரும் விட்டுவிடுவது அறைகளுக்கு இடையிலுள்ள தடுப்பு. ஒரு அறையை மட்டும் ஏற்றி, பக்கத்து அறைகளைத் தளர விடுங்கள். தளர்ந்த அறை மெல்ல உப்பினால் உள்தடுப்பு கிழிந்திருக்கிறது. வெளியே எந்தக் குமிழியும் வராது, ஆனால் ட்யூபில் ஒரு இடம் குத்திக் கிழிந்தால் இரண்டு அறைகள் சேர்ந்து படுத்துவிடும். ட்யூப் ஹல்லோடு (கெட்டியான அடிப்பாகத்தோடு) ஒட்டும் விளிம்பையும் விரல் நகத்தால் நெடுக வருடிப் பாருங்கள். பசை விட்ட இடத்தை ஈரக் குளிரில் திறந்த வெளியில் ஒட்டினால் பிடிக்காது, சூடான பட்டறை வேண்டும். அதனால் கூலி ஏறும்.

எஞ்சின் மாட்டியிருக்கும் பின்சுவர்தான் டிரான்சம். அதன் உள்ளே பெரும்பாலும் ஒட்டுப்பலகைதான். எஞ்சினைப் பாதி தூக்கி வைத்து தண்ணீருக்குள் இறங்கும் அதன் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். பலகை அசைந்தாலோ மூலைகளில் வெடிப்பு விரிந்தாலோ உள்ளே மக்கியிருக்கிறது. பிளாஸ்டிக் சுத்தியால் தட்டினால் மக்கிய இடம் மொத்தையாக ஒலிக்கும். அப்படி இருந்தால் பேரமே பேசாமல் விலகிவிடுங்கள். 6,000 பவுண்டு படகில் டிரான்சம் பிரித்துக் கட்டுவது கட்டுப்படியாகாது.

எஞ்சினுக்கு சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள், ஓடிய மணி நேரத்தை மெக்கானிக் கணினியை இணைத்துப் படித்துச் சொல்லட்டும். சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனையில் நான்கு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கியர் ஆயிலை அடித் திருகில் சில சொட்டு இறக்கிப் பாருங்கள். பால் விட்ட காப்பி போல இருந்தால் சீல் வழியே தண்ணீர் புகுந்திருக்கிறது. இதை எஞ்சின் சூடாகும் முன், நீங்கள் போய்ச் சேர்ந்த உடனே செய்யுங்கள். எஞ்சின் முன்கூட்டியே ஓடிச் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள், குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

டிரெய்லரில் பேரிங், பிரேக் இரண்டும் உப்புநீரில் அழுகும். எஞ்சின், பெட்ரோல், டிரெய்லரின் சொந்த எடை எல்லாம் சேர்ந்தால் இந்தப் படகு 750 கிலோவைத் தாண்ட வாய்ப்பு அதிகம். அதற்கு மேல் பிரேக் உள்ள டிரெய்லர் கட்டாயம். எடைப் பாலத்தில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள், உங்கள் காரின் இழுவை வரம்பையும் கையேட்டில் சரிபாருங்கள்.

ஆண்டுச் செலவு: காப்பீடு 200, எஞ்சின் சர்வீஸ் 300, 20 முறை இறக்கினால் சரிவுத்தளக் கட்டணம் 300, ஒரு முறைக்கு 35 லிட்டர் வீதம் 700 லிட்டர் பெட்ரோல், லிட்டர் 1.45 என்று வைத்தால் 1,015. சுமார் 1,800, உங்கள் மாதம் 150-க்குச் சரி. படகு வீட்டு முற்றத்தில் நிற்கும் என்ற கணக்கு இது. வாடகை இடம் தேவைப்பட்டால் இறக்கும் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டிவரும். எத்தனால் குறைந்த இ5 பெட்ரோலையே போடுங்கள், வாரக்கணக்கில் நிற்கும் படகின் டேங்கில் இ10 ஈரத்தை இழுக்கும்.

பேரத்தை அக்டோபர், நவம்பரில் வையுங்கள். குளிர்காலத்துக்குப் படகை வைத்துப் பாதுகாக்க விரும்பாத உரிமையாளர் இறங்கி வருவார். சோதனைகள் தேறினால் 6,000-இல் ஆரம்பித்து 6,450-இல் நில்லுங்கள். ட்யூபில் உள்தடுப்பு போயிருந்தால் பட்டறையில் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையை 6,450-இலிருந்து கழித்துக் கேளுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். சர்வேயும் கடல் ஓட்டமும் திருப்தியானால் மட்டுமே என்று எழுதி, 10% முன்பணம் கொடுங்கள்.

பணம் மாற்றும் நாளில் டிரான்சத்தின் வலப்புறம் பதித்திருக்கும் 14 எழுத்து ஹல் எண்ணையும் எஞ்சின் பிராக்கெட்டிலுள்ள எண்ணையும் நீங்களே படித்து, பழைய ரசீதுகளோடு ஒப்பிடுங்கள். காருக்கு இருப்பது போல உரிமைப் புத்தகம் படகுக்குக் கட்டாயம் இல்லை என்பதால் இந்த எண்களும் ரசீதுச் சங்கிலியும்தான் சான்று. சுரண்டிய எண் இருந்தால் வாங்காதீர்கள். படகு, எஞ்சின், டிரெய்லர் மூன்றின் எண்களும், எந்தக் கடன் பாக்கியும் இல்லை என்ற வரியும், இருவர் கையெழுத்தும் உள்ள விற்பனைப் பத்திரம் கையில் வந்த பிறகு வங்கிப் பரிமாற்றம் செய்யுங்கள். காப்பீடு அன்று காலையே தொடங்கியிருக்கட்டும், வீட்டுக்கு இழுத்து வரும் வழியிலேயே திருடு போன படகுகள் உண்டு.