சங்கத்தை மூடிய பிறகு தாள் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: மாசசூசெட்ஸில் ஒரு சின்ன டவுனில் இருக்கிறோம். ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்குச் சிகரெட்டே விற்கக்கூடாது என்ற 'நிகோடின் இல்லாத தலைமுறை' விதி பற்றி ஊர் சுகாதார வாரியம் கூட்டம் போட்டது. நான் ஆதரித்துப் பேசினேன். அடுத்துப் பேசியவர் நாங்கள் பால் வாங்கும் கடைக்காரர். கையில் அச்சடித்த தாள் வைத்துப் படித்தார். சிகரெட் கம்பெனிகளின் சங்கத்தைத்தான் எப்போதோ மூடிவிட்டார்களே, இந்தத் தாள் யாருடையது? அவர் கம்பெனி ஆளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தாள் கம்பெனியுடையதாக இருக்கலாம். அதற்காக அவர் கம்பெனி ஆள் என்று ஆகிவிடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் அடுத்த கூட்டத்தில் நீங்கள்தான் தோற்பீர்கள்.

நீங்கள் சொல்லும் சங்கம் டொபாக்கோ இன்ஸ்டிடியூட். 1958இல் தொடங்கியது, வாஷிங்டனில் அலுவலகம். 1970களில் அதன் தலைவர் ஹோரஸ் கார்னகே, வட கரோலினாவின் மாஜி எம்.பி. எந்தக் கதவை எப்போது தட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1972இல் ஃப்ரெட் பான்ஸர் என்ற ஊழியர் அவருக்கு எழுதிய குறிப்பு இன்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம். சிகரெட்டால் கேடு என்பதை நேராக மறுக்காமல், அதன்மேல் சந்தேகத்தை மட்டும் கிளப்பிக்கொண்டிருப்பதே நம் உத்தி என்று அதில் பச்சையாகவே எழுதியிருக்கிறார்.

1998 நவம்பரில் 46 மாநிலங்கள் நான்கு பெரிய கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டன. அது தீர்ப்பு இல்லை, சிகரெட் நோய்களுக்கு ஆன செலவைக் கேட்டு மாநிலங்கள் போட்ட வழக்குகளை முடித்துக்கொள்ளச் செய்த சமரசம். முதல் 25 ஆண்டுகளுக்குச் சுமார் 206 பில்லியன் டாலர் கட்ட வேண்டும், உள் ஆவணங்களை வெளியிட வேண்டும், இன்ஸ்டிடியூட்டைக் கலைக்க வேண்டும் என்று முடிவானது. இன்னின்ன சட்டங்களை எதிர்த்து லாபி செய்யக்கூடாது, அதாவது சட்டம் போடுபவர்களைத் தம் பக்கம் இழுக்கக்கூடாது என்று ஒரு பட்டியலும் உண்டு. அதில் சிகரெட் வடிவ மிட்டாய்க்கான கட்டுப்பாடு இருக்கிறது, சிகரெட் வரி இல்லை. யார் உட்கார்ந்து பேரம் பேசியிருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஆக, பூட்டு விழுந்தது ஓர் அலுவலகத்துக்கு. வேலை, கம்பெனிகளின் சொந்த ஆட்களுக்கும் வாடகை லாபியிஸ்டுகளுக்கும் போனது. ஒரே குரல் உடைந்து ஆளுக்கொரு கணக்குப் போட ஆரம்பித்தார்கள். சிகரெட்டை உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.யின் கீழ் கொண்டுவந்த 2009 சட்டத்தை ஃபிலிப் மோரிஸ் ஆதரித்தது. அந்தக் கம்பெனியின் மார்ல்பரோ பிராண்டின் முதலிடத்தை நிரந்தரமாக்கும் சட்டம் இது என்று போட்டியாளர்கள் கத்தினார்கள். மற்ற சுவைகள் சிகரெட்டில் தடையானபோது புதினாக் குளிர்ச்சி தரும் மெந்தால் மட்டும் தப்பியது. கலிபோர்னியா 2020இல் சுவையூட்டிய புகையிலைக்குத் தடை போட்டதும், கம்பெனிப் பணத்தில் கையெழுத்து வேட்டை நடத்தி அதைப் பொது வாக்கெடுப்புக்கு இழுத்தார்கள். 2022 நவம்பரில் தோற்றார்கள். தோற்றாலும் என்ன, கிட்டத்தட்ட இரண்டு வருட வியாபாரம் கையில்.

இனி உங்கள் கடைக்காரர். அவர் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் அலமாரியைப் பாருங்கள். எந்த பிராண்ட் கண்மட்டத்தில் இருக்க வேண்டும், எத்தனை வரிசை என்பதையெல்லாம் பெரும்பாலும் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம்தான் முடிவு செய்யும். அதற்குக் கைமாறு விலைத் தள்ளுபடி. 2022இல் அமெரிக்காவில் சிகரெட் விளம்பரத்துக்கும் விற்பனை ஊக்கத்துக்கும் ஆன செலவு சுமார் 8 பில்லியன் டாலர். அதில் பெரும்பகுதி டி.வி.க்கோ பத்திரிகைக்கோ போகவில்லை. கடைக்காரர்களுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் தள்ளுபடியாகவே போனது. சரக்கு பார்க்க வரும் விற்பனைப் பிரதிநிதி, போகிறபோக்கில் ஒரு தாளையும் கொடுத்துவிட்டுப் போவது பெரிய காரியமா?

சரிபார்க்க வழி உண்டு, ஆனால் ஓட்டையும் உண்டு. மத்திய அரசில் லாபி செய்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். செனட் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். மாநிலத்துக்குத் தனிப் பதிவு. உங்கள் டவுன் கூட்டத்தில் பேசியது மத்தியப் பதிவில் வராது. அதனால் தாளின் அடியில் எந்தச் சங்கத்தின் பெயர் என்று பாருங்கள். லாப நோக்கற்ற சங்கம் என்றால், வருமான வரித் துறைக்கு அது ஆண்டுதோறும் கொடுக்கும் 990 படிவம் பொது ஆவணம். பணம் கொடுத்தவர் பெயர் அதில் மறைக்கப்பட்டிருக்கும். நிர்வாகிகள் பெயரும் வருமானமும் தெரியும். அதைவிடச் சுலபம், சங்கத்தின் ஆண்டு மாநாட்டு ஸ்பான்சர் பட்டியல். மறைக்க வேண்டியதைப் பெருமையாக அச்சடித்திருப்பார்கள். பழைய கதை வேண்டுமானால் சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் புகையிலைக் கம்பெனி ஆவணக் களஞ்சியத்தில் அந்தப் பெயரைத் தேடுங்கள். உட்கார்ந்தால் பொழுது போவது தெரியாது.

கூட்டத்தில் அவரைப் பார்த்து "நீங்கள் கம்பெனி ஆள்தானே" என்று கேட்டுவிடாதீர்கள். மொத்த அறையும் அவர் பக்கம் சாய்ந்துவிடும். பேசுகிற எல்லாரும், உங்களையும் சேர்த்து, தாங்கள் சார்ந்த அமைப்புக்குப் புகையிலைப் பணமோ மருந்துக் கம்பெனிப் பணமோ வருகிறதா என்று சொல்லிவிட்டுப் பேச வேண்டும் என வாரியத்திடம் எழுதிக் கேளுங்கள்.

அவர் பயத்துக்கும் பதில் வைத்திருங்கள். பக்கத்து ஊருக்கு ஆட்கள் போய்விடுவார்கள் என்ற கவலை நியாயமானது. உங்கள் மாநிலத்திலேயே உள்ள ப்ரூக்லைன் ஊர், இதே மாதிரி விதியில் 2000 ஜனவரி 1ஐப் பிறந்த தேதி வரம்பாக வைத்தது. கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2024 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் ஊர் பக்கம் நின்றது. உங்கள் ஊர் வரைவில் என்ன தேதி போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். சட்டப்படி இப்போதே சிகரெட் வாங்க முடியாத, 21 நிரம்பாதவர்கள் மட்டுமே அதில் வருகிறார்கள் என்றால், அவருடைய இன்றைய வாடிக்கையாளர் ஒருவரையும் அவர் இழக்கப்போவதில்லை. அதை மைக்கில் சொல்லாதீர்கள். பால் வாங்கப் போகும்போது கல்லா பக்கத்தில் நின்று சொல்லுங்கள். தாள் யார் கொடுத்தது என்பதை அவரே சொன்னாலும் சொல்வார்.