ராத்திரிக்கும் சம்பளம் உண்டு

கேள்வி: எனக்கு 51 வயது. டர்பனில் ஆசிரியையாக இருக்கிறேன். அம்மாவுக்கு 83. சாட்ஸ்வர்த்தில் நாங்கள் வளர்ந்த வீட்டில்தான் இருக்கிறார். போன வருடம் இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து தானாக எழுந்து நடக்க முடியாது, ஆனால் நினைவு தெளிவாக இருக்கிறது. உம்லாசியிலிருந்து 56 வயதுப் பெண் ஒருத்தி வந்து தங்கிப் பார்த்துக்கொள்கிறாள். திங்கள் காலை வந்தால் சனி மதியம்தான் போவாள். மாதம் 3,800 ராண்ட் கொடுக்கிறோம். சாப்பாடும் தங்கும் இடமும் இலவசம், அம்மா அறையிலேயே பாய் போட்டுப் படுத்துக்கொள்வாள். அம்மாவை 'கோகோ, கோகோ' (ஜூலுவில் பாட்டி) என்று பிரியமாகத்தான் கூப்பிடுகிறாள். ஆனால் பகலில் சோபாவில் கண்ணயர்ந்துவிடுகிறாள். இப்போது 5,500 கேட்கிறாள். பெர்த்தில் இருக்கும் அண்ணன், வீட்டை விற்று அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கலாம் என்கிறார். ஜோகன்னஸ்பர்க் தம்பி, 'வேறு ஆளா கிடைக்காது?' என்கிறான். அப்பா விட்டுப்போன பணம் சுமார் 3 லட்சம் ராண்ட் அம்மா பெயரில் பேங்கில் இருக்கிறது. அதைத் தொடக்கூடாது என்று மூவரும் பேசி வைத்திருக்கிறோம். சனி, ஞாயிறு இரவுகளில் நான் போய்ப் படுக்கிறேன். அம்மா மூன்று நான்கு தடவை எழுப்புவதால் திங்கட்கிழமை வகுப்பில் என்னால் நிற்கவே முடிவதில்லை. என் இரண்டு பையன்களும் யூனிவர்சிட்டியில் படிப்பதால் அவர்களைத் தொந்தரவு செய்வதில்லை. இந்தச் செலவை எப்படிப் பிரிப்பது? அவள் இவ்வளவு கேட்பது நியாயமா?

பதில்: பணத்தை அப்புறம் பார்ப்போம். போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்களே, திங்கட்கிழமை வகுப்பில் நிற்க முடிவதில்லை என்று. முதலில் அதைப் பேசுவோம்.

உங்களுக்கு இரண்டு ராத்திரி. திங்கள் மதியம் பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். அடுத்த ஐந்து ராத்திரியும் உங்கள் கட்டிலில் தூங்கலாம். பார்த்துக்கொள்ள வரும் அந்த அம்மா உங்களைவிட ஐந்து வயது மூத்தவர். அவருக்கு வாரத்துக்கு ஐந்து ராத்திரி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு முழுப் பகல் வேலை. பிறகு அவர் சோபாவில் கண்ணயர்கிறார் என்று குறை எழுதுகிறீர்கள். வேறு எப்போதுதான் தூங்குவார்? ஒரே கடிதத்தில் இரண்டையும் எழுதிய நீங்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் விட்டதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. படித்தவர், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர்.

ராத்திரி இரண்டு மணிக்கு அந்த அறையில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அம்மா கூப்பிடுவார். விளக்கைப் போட்டு, போர்வையை விலக்கி, கால்களை ஒவ்வொன்றாகக் கட்டிலுக்கு வெளியே இறக்க வேண்டும். அக்குளுக்குக் கீழே கைகொடுத்து நிமிர்த்தி, தலைசுற்றல் அடங்கும் வரை பிடித்துக்கொண்டு, மெல்லத் திருப்பி கமோடு நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். கழுவித் துடைத்து, மறுபடி படுக்கவைத்து, காலுக்கடியில் தலையணையைச் சரிசெய்ய வேண்டும். பாய்க்கு வந்து கண்ணை மூடினால் 'தண்ணீர்' என்று குரல் வரும். அரைத் தூக்கத்தில் கை நழுவினால் இரண்டு பேரும் சேர்ந்துதான் விழுவார்கள். ஒரு தடவை இடுப்பு முறிந்த உடம்பு இன்னொரு தடவை விழுந்தால் தாங்குமா? உங்கள் அம்மாவின் நன்மைக்காகவாவது அந்த அம்மா தூங்கியாக வேண்டும்.

இனி சம்பளம். தென்னாப்பிரிக்கச் சட்டத்தில், வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்பவரும் வீட்டு வேலைத் தொழிலாளிதான். 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட் ஆனது, வருடா வருடம் மார்ச்சில் ஏறும். வாரத்துக்கு 45 மணி நேரம் சாதாரண வேலை என்று வைத்தால் அந்த 2025 கணக்கிலேயே மாதம் 5,614 ராண்ட் வருகிறது. இது பகலுக்கு மட்டும். அவர் கேட்டிருப்பது 5,500. சட்டப்படி பகலுக்குக் கொடுக்க வேண்டியதைவிடக் குறைவாகக் கேட்டுவிட்டு, ராத்திரியைச் சும்மா கொடுக்கிறார். நியாயமா என்று கேட்டீர்களே, நியாயமில்லாமல் நடந்துகொண்டிருப்பது நீங்கள் மூன்று பேரும்தான்.

ராத்திரிக்கும் விதி இருக்கிறது. இரவு எட்டிலிருந்து காலை ஆறு வரை, தூங்கலாம், ஆனால் கூப்பிட்டால் எழ வேண்டும் என்று ஒருவரை வைத்துக்கொண்டால், அதற்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், தனிப்படி கொடுக்க வேண்டும். அதுவும் மாதத்துக்கு ஐந்து தடவைக்கு மேல் கூடாது. நீங்கள் வாரத்துக்கு ஐந்து தடவை வாங்குகிறீர்கள். அவர் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் சிசிஎம்ஏவுக்குப் போனால் இத்தனை மாதப் பாக்கியையும் அபராதத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டிவரும். அவர் போகாமல் இருப்பது கோகோவின் மேல் உள்ள பிரியத்தினால் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

'சாப்பாடும் தங்கும் இடமும் இலவசம்' என்று எழுதியிருக்கிறீர்கள். 1860இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து டர்பனுக்குக் கூலி வேலைக்கு வந்து இறங்கியவர்களுக்கு மாதம் பத்து ஷில்லிங் கூலி, ரேஷனும் இருப்பிடமும் இலவசம் என்றுதான் ஒப்பந்தம். அந்த இருப்பிடம் எப்படி இருந்தது என்று நேட்டாலில் பிறந்த எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரும்புத் தோட்டத்து பாரக்ஸிலிருந்து வந்த நம் வீட்டில், இன்னொரு ஏழைப் பெண்ணிடம் அதே பேச்சைப் பேசக் கூடாது. தங்கும் இடத்துக்காகச் சம்பளத்தில் அதிகபட்சம் பத்து சதவீதம் பிடிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அதற்கு மழை ஒழுகாத தனி அறை, ஜன்னல், பூட்டக்கூடிய கதவு எல்லாம் இருக்க வேண்டும். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்த பாய் அந்தக் கணக்கில் வராது. வேலை நேரத்தில் போடும் சாப்பாட்டுக்கு ஒரு சென்ட்கூடப் பிடிக்க முடியாது.

சரி, பணம் எங்கிருந்து வரும்? 75 வயதைத் தாண்டியவர்களுக்கு சாஸா என்ற அரசு உதவித்தொகை நிறுவனம் கொடுக்கும் முதியோர் பென்ஷன் 2025 ஏப்ரலில் 2,335 ராண்ட் ஆனது. அம்மாவுக்கு அது வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வந்தால், முழு நேரமும் இன்னொருவர் துணை வேண்டியிருப்பவர்களுக்கு என்று கூடுதலாக ஒரு தொகை இருக்கிறது, அதே ஏப்ரல் கணக்கில் 560 ராண்ட். டாக்டரின் அறிக்கையோடு விண்ணப்பிக்க வேண்டும். பென்ஷன் வாங்கும் எத்தனையோ குடும்பங்கள் இதைக் கேட்பதே இல்லை. பெரிய தொகை இல்லைதான், ஆனாலும் அது அம்மாவுக்கு உரிய பணம்.

அதைவிடப் பெரியது பேங்கில் இருக்கும் அந்த 3 லட்சம். யாருக்காக அதைத் தொடாமல் வைத்திருக்கிறீர்கள்? அம்மா போன பிறகு மூன்றாகப் பிரித்துக்கொள்ளத்தானே? பெற்றவர்களின் பணம் முதலில் பெற்றவர்களின் உடம்புக்குத்தான் செலவாக வேண்டும். மிச்சம் இருந்தால் பிள்ளைகளுக்கு, இல்லாவிட்டால் இல்லை. இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. அப்பா வேலை செய்து சேர்த்த காசு பத்திரமாக இருக்க வேண்டும் என்று அம்மாவின் ராத்திரிகளை ஒரு வெளிப்பெண்ணின் முதுகில் ஏற்றியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே அந்தப் பணத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள். உங்கள் கடிதத்தில் எல்லோரும் பேசுகிறார்கள், அம்மா பேசும் வரி ஒன்றுகூட இல்லை. பேங்க் வேலைகளுக்காக அம்மா உங்களுக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் நினைவு தவறிப்போனால் இங்கே அந்தப் பத்திரம் செல்லாது, கோர்ட்டுக்கு அலைய வேண்டிவரும். அதனால் இந்தப் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதியோர் இல்லத்தில் சேர்ப்பது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். சாட்ஸ்வர்த்திலேயே ஆர்யன் பெனவலன்ட் ஹோம் இருக்கிறது. 1921இல் நம் மக்கள் தொடங்கியது. அம்மா விரும்பிப் போனால் போகட்டும். பெர்த்திலிருந்து போனில் தீர்மானித்து அனுப்பக்கூடாது.

இரவுக்கு இன்னொருவரை வையுங்கள். வாரத்துக்கு ஐந்து இரவு, பத்து மணி நேரம் என்றால் வெறும் மணிக்கூலிக் கணக்கிலேயே மாதம் குறைந்தது சுமார் 6,240 ராண்ட் ஆகும். பகலையும் சேர்த்தால் 11,850 பக்கம் வருகிறது. பென்ஷனையும் அந்தக் கூடுதல் தொகையையும் கழித்தால் ஒன்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் ஒரு பகுதி அப்பாவின் பணத்திலிருந்து வரட்டும், மீதியைப் பிள்ளைகள் போடுங்கள். ஆனால் சமமாக மூன்றில் ஒரு பங்கு என்று பிரிக்காதீர்கள். தூரத்தில் இருப்பவர் அதிகம் கொடுக்க வேண்டும். அண்ணனால் ஒரு ராத்திரிகூட வந்து படுக்க முடியாது, அதனால் இரவுச் செலவில் பெரும்பங்கு அவருடையது. தம்பி ஆறு மணி நேரம் கார் ஓட்டினால் வந்துவிடலாம். வேறு ஆள் கிடைக்கும் என்று சொல்பவன் ஒரு நீண்ட விடுமுறையில் வந்து ஐந்து ராத்திரி அந்தப் பாயில் படுக்கட்டும். பிறகு சம்பளம் பேசலாம்.

உங்களையும் விடமாட்டேன். பகல் ஆள் போய் இரவு ஆள் வரும் வரைக்கும் மாலையில் சில மணி நேரம் இருக்கிறது. அதை உங்கள் வீடு பார்க்க வேண்டும். யூனிவர்சிட்டியில் படிக்கும் இரண்டு வாலிபர்களுக்கு பாட்டிக்குச் சோறு ஊட்டி, கைபிடித்து எழுப்பிவிடத் தெரியாதா? புத்தகத்தை அங்கே கொண்டுபோய்ப் படிக்கட்டும். தொந்தரவு செய்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். யாரையும் தொந்தரவு செய்யாமல் வளர்க்கும் பையன்கள்தான் நாளைக்கு உங்களுக்கும் பெர்த்திலிருந்து போன் செய்வார்கள். உங்கள் சனி, ஞாயிறு இரவுகளில் ஒன்றை அவர்கள் மாறி மாறி எடுத்துக்கொண்டால் திங்கட்கிழமை நீங்களும் நின்று பாடம் நடத்தலாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியது: வரும் திங்கள் காலை அந்த அம்மாவை உட்காரவைத்து, 5,500 இல்லை, பகலுக்கு மட்டும் குறைந்தது 5,614 என்று சொல்லுங்கள். வேலை நேரத்தை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வேலை போனால் உதவும் காப்பீட்டு நிதியான யூஐஎஃபில் பதியுங்கள், சம்பளத்தில் உங்கள் பங்கு ஒரு சதவீதம், அவர் பங்கு ஒரு சதவீதம். வேலைக் காயத்துக்கான நஷ்டஈட்டு நிதியிலும் பதிய வேண்டும். வீட்டு வேலை செய்பவர்களை அதில் சேர்க்காமல் விட்டது தவறு என்று 2020 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றமே சொல்லிவிட்டது. உங்கள் அம்மாவைத் தூக்கித் தூக்கித்தான் அவர் முதுகு போகப்போகிறது. இரவு ஆள் கிடைக்கும் வரை அவர் அங்கே படுக்கும் ஒவ்வொரு ராத்திரிக்கும் தனியாகப் பணம் கொடுங்கள், பாய்க்குப் பதில் ஒரு கட்டில் போடுங்கள். பழைய பாக்கி எவ்வளவு என்று கணக்குப் போட்டு, தவணையிலாவது கொடுத்துத் தீருங்கள். அந்தக் கணக்கை அண்ணனுக்கும் தம்பிக்கும் அனுப்பும்போது, ராத்திரிகளைத் தனி வரியாகப் போட்டு அனுப்புங்கள்.