பயர்பாக்ஸ் அப்டேட்டை நிறுத்த வழி உண்டா?

கேள்வி: என் விண்டோஸ் 11 லேப்டாப்புக்கு மொபைல் ஹாட்ஸ்பாட்தான் இணையம். கேட்காமலே பயர்பாக்ஸ் பிரவுசர் அப்டேட்டை இறக்கி டேட்டாவைத் தின்றுவிடுகிறது. ஒருமுறை விண்ணப்பம் பாதி நிரப்பியிருந்தபோது புது டேப் திறந்தால், ரீஸ்டார்ட் செய்தால்தான் ஆச்சு என்று நின்றுவிட்டது. பயர்பாக்ஸோடு சேர்ந்து வரும் மொசில்லா மெயின்டனன்ஸ் சர்வீஸை முடக்கியும் பலனில்லை. முழுதாக நிறுத்த முடியுமா?

பதில்: உங்கள் தொல்லை தீர முழுதாக நிறுத்த வேண்டியதில்லை. மேல் வலது மூலையில் உள்ள மூன்று கோடுகளைத் தட்டி செட்டிங்ஸ் போங்கள். ஜெனரல் பகுதியில் கீழே இறங்கினால் 'பயர்பாக்ஸ் அப்டேட்ஸ்' இருக்கும். அதில் இரண்டு தேர்வுகள். முதலாவது தானாக நிறுவிக்கொள்ளும். இரண்டாவது, புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு உங்களிடம் கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். இனி நீங்கள் சம்மதித்தால்தான் டவுன்லோடே தொடங்கும். வைஃபை கிடைக்கும் இடத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

பயர்பாக்ஸ் மூடியிருக்கும்போதும் அப்டேட் ஆகும் வசதி 2021இல் 90ஆம் பதிப்போடு விண்டோஸுக்கு வந்தது. தானாக நிறுவும் தேர்வு இருந்தால்தான் அது வேலை செய்யும். அதை மாற்றியதும் இதுவும் நின்றுவிடும். இன்னொன்று: இந்த அமைப்பு அந்த பயர்பாக்ஸைப் பயன்படுத்தும் எல்லா விண்டோஸ் கணக்குகளுக்கும் சேர்த்துத்தான். வீட்டில் வேறு யாராவது மாற்றினால் உங்களுக்கும் மாறிவிடும்.

மெயின்டனன்ஸ் சர்வீஸை முடக்கிப் பலனில்லாததில் வியப்பில்லை. அப்டேட்டைத் தேடுவதும் இறக்குவதும் பயர்பாக்ஸின் வேலை. நிறுவும் நேரத்தில் விண்டோஸ் அனுமதி கேட்டு உங்களை நிறுத்தாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அந்த சர்வீஸின் பங்கு. மறுபடி இயக்கிவிடுங்கள்.

அந்த ரீஸ்டார்ட் பக்கம் வரக் காரணம், நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே லேப்டாப்பின் டிஸ்கில் உள்ள பயர்பாக்ஸ் கோப்புகள் மாறிவிடுவது. வேறு விண்டோஸ் கணக்கிலோ வேறு ப்ரொஃபைலிலோ (புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் சேர்ந்திருக்கும் தொகுப்பு) திறந்திருக்கும் பயர்பாக்ஸ் அப்டேட் ஆகும்போது இப்படி நடக்கும். ஓடிக்கொண்டிருப்பது பழசு, டிஸ்கில் இருப்பது புதுசு. இரண்டும் சேர்ந்து புது டேப் திறக்க முடியாது. மறுபடி அப்படி நேர்ந்தால் பதறி மூடிவிடாதீர்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் டேபுக்குப் போய், தட்டச்சு செய்ததை நோட்பேடில் நகலெடுத்து வைத்துவிட்டு அப்புறம் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

முழுதாக நிறுத்தவும் வழி இருக்கிறது. அலுவலகக் கணினிகளை நிர்வகிப்பவர்களுக்காக மொசில்லா தரும் பாலிசி கோப்பில் அப்டேட்டை அடியோடு அணைக்கலாம். தனிப்பட்ட லேப்டாப்பில் அதைச் செய்ய நான் சொல்லவே மாட்டேன். 2024 அக்டோபரில் பயர்பாக்ஸில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. தாக்குபவர்கள் அதை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். பொறி வைத்த பக்கம் திறந்தாலே போதும், எதையும் கிளிக் செய்யத் தேவையில்லை. தகவல் கிடைத்த மறுநாளே, அக்டோபர் 9இல், மொசில்லா 131.0.2 பதிப்பை வெளியிட்டது. அப்டேட்டை அணைத்து வைத்திருந்தவர்களுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேர்ந்திருக்காது. பேங்க் பாஸ்வேர்டு போடும் பிரவுசரில் இந்த விஷப்பரீட்சை வேண்டாம். 2025 மார்ச் 14 அன்று, ஆட்-ஆன்கள் நம்பத்தக்கவையா என்று சரிபார்க்கப் பயர்பாக்ஸ் பயன்படுத்தும் ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானபோதும், பழைய பதிப்புகளில் ஆட்-ஆன்கள் வேலை செய்யாமல் போகும் நிலை வந்தது.

மெனு இடம் மாறுவதும் தோற்றம் மாறுவதும்தான் எரிச்சல் என்றால், இஎஸ்ஆர் எனப்படும் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு மாறுங்கள். மொசில்லா தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. வழக்கமான பயர்பாக்ஸ் சுமார் நான்கு வாரத்துக்கு ஒருமுறை புது வசதிகளோடு வரும். இஎஸ்ஆரில் பெரிய மாற்றம் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறைதான். இடையில் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். ஒரே வேலையை ஒரே மாதிரி செய்ய விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மாறும்போது ஒரு எச்சரிக்கை. புதிய பதிப்பில் பயன்படுத்திய ப்ரொஃபைலைப் பழைய எண் கொண்ட இஎஸ்ஆர் ஏற்காது. புது ப்ரொஃபைல் தொடங்கச் சொல்லும். அதனால் புக்மார்க்குகளையும் பாஸ்வேர்டுகளையும் முன்கூட்டியே ஏற்றுமதி செய்து வையுங்கள், அல்லது மொசில்லா கணக்கில் சிங்க் செய்துவிடுங்கள்.