ஆள் இருக்கும் தீவுக்கு வரும் வாத்து

அன்புள்ள அக்கா,

நார்வேயின் வேகா தீவுகள் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். காட்டு வாத்துகளுக்கு வீடு கட்டிவிட்டுக் காத்திருக்கும் அந்த மனிதர்களை ரொம்பப் பாசத்தோடு எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒரு நெருடல். வீடு கட்டித் தருவதே கடைசியில் இறகை எடுத்துக்கொள்ளத்தானே? ஒரு தாய்ப்பறவை தன் நெஞ்சிலிருந்து பிடுங்கி முட்டைக்குப் போர்த்தியதை எடுத்து, வசதியானவர்களுக்குப் போர்வை செய்கிறார்கள். இதில் அன்பு எங்கே இருக்கிறது? அங்கே பல சின்னத் தீவுகளில் இப்போது ஆளே இல்லை என்றும் சொல்லியிருந்தீர்கள். பறவைகளுக்கு அதுதானே நல்லது? இயற்கையை அதன் போக்கில் விட்டுவிடலாமே.

கா., திருச்சி

அன்புள்ள கா.,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஆள் போன தீவுகளில் வாத்துகளும் குறைந்துபோயின. என் கட்டுரையில் இதை ஒரு வரியில் கடந்துபோனது என் தவறு. அதைத்தான் விரிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

வேகா, ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. பெரிய தீவைச் சுற்றி, தீவு, திட்டு, பாறை என்று எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 6,500. பாதிக்கு மேல் மரமே இல்லாத, காற்று அறைகிற இடங்கள். குளிர்காலத்தில் ஆண்கள் படகெடுத்து வடக்கே லோஃபோத்தன் பக்கம் காட் மீன் பிடிக்கப் போய்விடுவார்கள். ஜனவரியில் போனால் திரும்ப ஏப்ரல் ஆகிவிடும். அதுவரை மாடு, ஆடு, குழந்தைகள், அப்புறம் இந்த வாத்துகளின் வருகைக்கான ஏற்பாடு எல்லாம் பெண்கள் தலையில். 2004-ல் யுனெஸ்கோ இந்தத் தீவுக்கூட்டத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தூவி சேகரிப்பில் பெண்களின் பங்கைத் தனியாகக் குறிப்பிட்டது. எனக்கு அந்தப் பட்டியலிலேயே மிகவும் பிடித்த வரி அது.

தூவி என்பது நம்முடைய பழைய சொல். பறவையின் உடலோடு ஒட்டியிருக்கும் மெல்லிறகு. இந்தத் தீவுகளுக்கு வரும் காட்டு வாத்தின் பெயர் ஈடர். அதன் தூவியில் ஒவ்வொரு இழையிலும் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு. ஒன்றையொன்று பற்றிக்கொண்டு காற்றை உள்ளே பிடித்துவைக்கும். பலத்த கடற்காற்றிலும் கூட்டிலிருந்து பறந்து போகாது. முட்டைக்காக அமைந்த குணம் அது, போர்வைக்கும் உதவுகிறது.

சரி, அந்தப் பெண்கள் செய்தது என்ன? வசந்தம் தொடங்கியதும் கரையில் ஒதுங்கும் கடற்பாசியை வாரி வந்து காயவைப்பார்கள். மழை வந்தால் நனையும், மறுபடி புரட்டிக் காயவைக்க வேண்டும். நன்றாக உலர்ந்ததைக் கையால் உதறிக் கூடு செய்வார்கள். கல்லும் பலகையும் வைத்துச் சின்ன வீடுகள் கட்டியிருப்பார்கள், பழைய படகைக் கவிழ்த்துப் போட்டாலும் வீடுதான். அதற்குள் அந்தக் கூட்டை வைப்பார்கள். சில இடங்களில் மனிதர் குடியிருக்கும் வீட்டின் வாசற்படிக்கு அடியிலும் வாத்துக்கு இடம் உண்டு.

நம் வீடுகளில் கோழியை அடை வைத்துப் பார்த்திருப்பீர்கள். கூடையில் வைக்கோல், இருட்டு மூலை, பிள்ளைகளை அண்டவிடாமல் அதட்டல். ஆனால் கோழி நம்முடையது. அங்கே வருவது காட்டுப்பறவை. கூடு பிடிக்கவில்லை என்றால் அடுத்த பாறைக்குப் போய்விடும். அதனால் அதட்டலுக்கு இடமில்லை. அடைகாக்கும் காலத்தில் தீவு முழுக்கச் சத்தம் அடங்கிவிடும். தெரியாத ஆட்களை வரவிடமாட்டார்கள். தினமும் சுற்றி வந்து பார்ப்பவர் பறவைக்குப் பழகிய ஆளாக இருக்க வேண்டும்.

ஒரு பெண் வாத்து நான்கிலிருந்து ஆறு முட்டை இடும். ஏறத்தாழ 25 நாள் அடைகாக்கும். அந்த நாட்களில் சாப்பாடு அநேகமாக இல்லை. ஆண் வாத்து அதற்குள் போய்விடும். பெண் வாத்து கூட்டை விட்டு எழுந்தால் காகமும் கடற்காக்கையும் முட்டையைக் கொத்திப் போகும். கழுகு, நீர்நாய் எல்லாம் சுற்றிலும் உண்டு. அமெரிக்காவிலிருந்து தோலுக்காகக் கொண்டுவந்து வளர்த்த மிங்க் என்ற கீரி போன்ற விலங்கு, பண்ணையிலிருந்து தப்பி இந்தக் கரைகளிலும் பரவிவிட்டது. நன்றாக நீந்தும். ஒரு திட்டுக்குள் ஒரு மிங்க் புகுந்தால் அந்த வருஷம் அங்கே குஞ்சு பார்க்க முடியாது. ஆள் நடமாட்டம் இருந்தவரை இவை வீட்டுப்பக்கம் வரத் தயங்கின. அதனால்தான் வாத்து மனிதனை அண்டி வந்தது என்று நினைக்கிறேன்.

1950-களிலிருந்து 70-கள் வரை, வெளித்தீவுகளில் இருந்தவர்கள் பெரிய ஊர்களுக்குக் குடிபெயர அரசே பணம் கொடுத்தது. பள்ளிக்கூடமும் மின்சாரமும் வைத்தியமும் வேண்டும் என்று கிளம்பியவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் கவனிப்பார் இல்லாமல் அந்த வீடுகளில் கூடு வைக்கும் வாத்துகள் குறைந்துகொண்டே வந்தன. ஆள் போனது மட்டுமே காரணம் என்றும் சொல்லமாட்டேன், கடலிலும் மாற்றங்கள் இருக்கின்றன. நார்வேயின் 2021 சிவப்புப் பட்டியலில் ஈடர் வாத்து அழியும் ஆபத்தில் உள்ள இனமாகத்தான் இருக்கிறது.

இனி உங்கள் முதல் கேள்வி. தூவியை எப்போது எடுக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. குஞ்சு பொரித்து, ஈரம் காய்ந்ததும், தாய் அவற்றைக் கடலுக்குக் கூட்டிப்போய்விடும். அந்தக் கூட்டுக்கு அந்த வருஷம் மறுபடி வராது. அதன் பிறகே வேகாவில் கூட்டிலிருந்து தூவியை அள்ளுவார்கள். அதில் பாசித் துணுக்கும் முட்டை ஓடும் கலந்திருக்கும். மரச்சட்டத்தில் நரம்பு கட்டிய, யாழ் போன்ற ஒரு கருவியில் தேய்த்துத் தேய்த்துக் குப்பையை உதிர்ப்பார்கள். மிச்சத்தைக் கையால் பொறுக்க வேண்டும். இவ்வளவும் செய்து, ஒரு போர்வைக்கு 60, 70 கூடுகளின் தூவி தேவை. போர்வையின் விலை உங்களைக் கோபப்படுத்துகிறது என்றால், அதில் எத்தனை மாத உழைப்பு இருக்கிறது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அவர்களுக்கு இதில் லாபம் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே, வடநார்வேயின் ஒட்டார் என்ற தலைவன் இங்கிலாந்து மன்னன் ஆல்ஃபிரடிடம், தனக்குச் சாமி என்ற வடக்கத்திப் பழங்குடி மக்கள் செலுத்தும் வரிப்பொருள்களில் பறவை இறகும் ஒன்று என்று சொல்லியிருக்கிறான். அவ்வளவு பழைய சரக்கு இது. எனக்கு அந்த லாபம் உறுத்தவில்லை. முட்டை பத்திரமாகப் பொரிந்தால்தான் அடுத்த வருஷமும் தூவி என்று இருக்கும்போது, மனிதனின் பேராசையும் வாத்தின் பிழைப்பும் ஒரே பக்கம் நிற்கின்றன. அன்பு அதிலிருந்து தனியாக எங்கோ இருக்கவேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறோம்? ஈரப் பாசியை மூன்றாம் முறை புரட்டிப்போடுகிறவளிடம் கேட்டால் அவள் அன்பு என்ற சொல்லையே எடுக்கமாட்டாள் என்று நினைக்கிறேன்.

இன்னும் சிலர் வசந்தத்தில் தங்கள் பழைய தீவுக்குத் திரும்பிப்போகிறார்கள். லோனான் என்ற தீவில் இது நடக்கிறது. வாத்து வந்து, குஞ்சோடு கிளம்பும்வரை அங்கேயே தங்கிவிடுகிறார்கள். பெண் ஈடர், முந்தைய வருஷம் கூடு வைத்த இடத்தையே தேடி வரும் பறவை. அது கரையேறும்போது வீட்டுக்குள் காய்ந்த பாசி இருக்கவேண்டும் என்பதால், இவர்கள் அதற்கு முன்பே படகில் ஏறிவிட வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
அக்கா