ஒன்பதாம் வகுப்புக் கணக்குக்கு ஆறாம் வகுப்புப் புத்தகம்

அரையாண்டில் மகள் கணக்கில் 31 மதிப்பெண். மைத்துனரோ 70,000 ரூபாய் கட்டி, ஐ.ஐ.டி. போன்ற பொறியியல் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வுக்கு இப்போதே தயார்செய்யும் ஜே.இ.இ. ஃபவுண்டேஷன் கோச்சிங்கில் சேர்க்கச் சொல்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை புரிகிறது. ஆனால் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.

அந்த வகுப்பு பள்ளியைவிட வேகமாக ஓடும். உங்கள் மகளுக்கு விட்டுப்போனதோ ஒன்பதாம் வகுப்புப் பாடமே அல்ல. நீங்கள் அனுப்பிய விடைத்தாளில் 2/3 + 1/4 = 3/7 என்று இருக்கிறது. −7 − 3 என்பதற்கு 10. முதல் கணக்கில் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிட்டாள். இரண்டு மைனஸ் சேர்ந்தால் பிளஸ் என்ற பெருக்கல் விதியை இரண்டாவது கணக்கில் போட்டுவிட்டாள். சூத்திரங்கள் சரி, கடைசி வரியில்தான் மார்க் போகிறது. இதைச் சோம்பேறித்தனம் என்று வீட்டில் யாரும் திட்டக்கூடாது.

தமிழ்நாடு அரசுப் பாடநூல், ஆறாம் வகுப்பு மூன்றாம் பருவக் கணக்கை எடுங்கள். பின்னங்கள், முழுக்கள் என்ற இரண்டு பாடம் போதும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

24 செ.மீ. நீளத்தில் ஒரு காகிதப் பட்டை வெட்டுங்கள். அதில் 2/3 என்பது 16 செ.மீ., 1/4 என்பது 6 செ.மீ. சேர்த்தால் 22, 2 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டால் 12 கட்டத்தில் 11. அவள் எழுதிய 3/7 பத்து செ.மீ. சொச்சம்தான் வரும். கூட்டிய பிறகு முதல் துண்டைவிடக் குறைந்துபோவதை அவளே பிடித்துவிடுவாள். மைனஸுக்குத் தரையில் சாக்பீஸால் எண்கோடு போதும்: −7இல் நின்று இடப்பக்கம் மூன்று எண் நகர்ந்தால் −10.

தினமும் அரை மணி நேரம். நேற்றுத் தப்பானதை முதலில், பிறகு ஆறு புதுக் கணக்கு, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லியபடி. ஒரு கணக்குக்கு இத்தனை நிமிடம் என்று கடிகாரம் வைக்க வேண்டாம். முப்பது பேர் உட்காரும் டியூஷனைவிட, தெருவில் பொறுமையான ஒரு கல்லூரி மாணவி மேல். பிறகு ஏழாம் வகுப்பு இயற்கணிதம். ஆண்டுத் தேர்விலேயே 80 கேட்காதீர்கள்.

அவளுக்கு வணிகவியல் பிடித்திருக்கிறது என்று கடைசியில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. பொறியியல் கட்-ஆஃப் 200இல் கணக்குக்கு மட்டும் 100. விருப்பமில்லாத பிள்ளையை அதற்குத் தள்ளாதீர்கள். கணக்குப்பதிவியலிலும் சதவீதமும் விகிதமும் வரும், அதனால் இந்த உழைப்பு வீணாகாது. பதினொன்றில் எந்த குரூப் என்பதை அவள்தான் சொல்ல வேண்டும், மைத்துனர் அல்ல.

கோடை விடுமுறை முடிந்தும் 8 + 5க்கு விரல் மடக்கினால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று சிறப்புக் கல்வியாளரிடம் காட்டுங்கள். மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகை கேட்கலாம்.