மணல் ஈ எந்த ஊர் ஈ?

கடிதம்:

வணக்கம் ஐயா,

ஒரு பயணக் கட்டுரைத் தொகுப்பைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். எழுதியவர் ஸ்காட்லாந்து, அமெரிக்காவின் மெய்ன், நியூசிலாந்து என்று சுற்றுகிறார். போகிற இடமெல்லாம் பூச்சிக்கடி. ஓரிடத்தில் அது மிட்ஜ், இன்னோரிடத்தில் நோ-சீ-அம், அப்புறம் பங்க்கி, சேண்ட்ஃப்ளை, கிளெக். அகராதியில் பார்த்தால் பாதிக்குக் 'கொசு', மீதிக்கு 'ஒருவகைச் சிறு பூச்சி'. எல்லாவற்றுக்கும் கொசு என்றே போட்டுவிடலாமா? விஷயம் புரிந்தால் போதாதா?

ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

தயவுசெய்து போடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பியவற்றில் மிகச் சிக்கலானது சேண்ட்ஃப்ளை. நியூசிலாந்துக்காரர் அந்தச் சொல்லைச் சொன்னால் அது கறுப்பாக, முதுகு கூனியிருக்கும் ஒரு சிற்றீ. அதன் புழு ஓடும் நீரில் வளரும். வட அமெரிக்காவில் இதன் உறவினங்களுக்கு பிளாக் ஃப்ளை என்றும், அந்தக் கூனல் முதுகால் பஃபலோ நேட் என்றும் பெயர். ஆஸ்திரேலியக் கடற்கரைக்காரர் சேண்ட்ஃப்ளை என்றால் பெரும்பாலும் அது மிட்ஜ் என்ற, கடிக்கும் மிகச் சிறிய ஈ வகை. அது ஈரச்சேற்றிலும் உப்பங்கழி ஓரங்களிலும் வளர்வது. இந்தியாவிலோ இலங்கையிலோ ஒரு மருத்துவர் அதே சொல்லைச் சொன்னால் இரண்டுமே இல்லை, ஃபிளபோடோமஸ் என்ற மூன்றாவது பூச்சி. பீகாரில் காலா அசார் என்ற கருங்காய்ச்சல் நோயைப் பரப்புவது இதுதான். அந்த நோய்க்குக் காரணமான லீஷ்மேனியா டோனோவனி என்ற ஒட்டுண்ணிதான் இலங்கையில் ஆறாத தோல் புண்ணாக வருகிறது. 'மணல் ஈ' என்ற தமிழ்ப் பெயர் இந்த மூன்றாவது பூச்சிக்கு உரியது.

இதை வெறும் சொல் விவகாரமாக என்னால் பார்க்க முடியவில்லை. ஃபிளபோடோமஸ் தேங்கிய நீரில் முட்டையிடுவதில்லை. மாட்டுக்கொட்டகையின் ஈரமண், சுவர் வெடிப்பு, மட்கும் குப்பை, இவைதான் அதற்கு வீடு. கொசுவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். சாதாரணக் கொசுவலையின் கண் வழியே நுழைந்துவிடும். பறக்கும்போது காதில் ரீங்காரமும் கேட்காது. 'கொசு' என்று எழுதினால் படிப்பவர் தொட்டி நீரைக் கொட்டிவிட்டு, வலையைக் கட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவார். பல வருடங்களுக்கு முன் ஒரு சுகாதாரத் துண்டறிக்கையை மொழிபெயர்க்கும்போது நான் இதே தவறைச் செய்தேன். அச்சுக்குப் போகும் முன் ஒரு மருத்துவர் பார்த்துத் திருத்தினார். அவர் பார்க்காமல் விட்டிருந்தால் என்ற எண்ணம் இன்றும் உறுத்துகிறது.

ஆகவே உங்கள் நியூசிலாந்துப் பகுதியில் 'மணல் ஈ' என்று போடுவதும் சரிவராது. அங்கே மவோரி மக்களின் சொல் இருக்கிறது: நமு. ஒரு தேவன் மில்ஃபோர்ட் சவுண்ட் கடற்கழியைச் செதுக்கி முடித்ததும் அதன் அழகில் மயங்கி மனிதர்கள் அங்கேயே தங்கிவிடுவார்களே என்று, மரணத்தின் தேவி ஹினே-நுய்-தே-போ இந்தப் பூச்சிகளை அவிழ்த்துவிட்டாள் என்பது அவர்கள் கதை. 1773இல் நியூசிலாந்தின் டஸ்கி சவுண்டில் தங்கிய கேப்டன் குக்கும் இந்தக் கடியைப் பற்றிப் புலம்பி எழுதியிருக்கிறார். நமு என்றே வைத்துவிட்டு, முதல்முறை வரும்போது ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடுங்கள்.

மெய்ன் பகுதிக்கு வருவோம். நோ-சீ-அம் என்றால் 'கண்ணில் படாதவை' என்று பொருள். அமெரிக்க எழுத்தாளர் தோரோ மெய்ன் காடுகளைப் பற்றி எழுதி, அவர் இறந்தபின் 1864இல் வெளிவந்த நூலில் இந்தப் பெயர் வருகிறது. ஒரே வாக்கியத்தில் அதை மிட்ஜ் என்கிறார், பிளாக் ஃப்ளையின் லத்தீன் பேரினப் பெயரைக் கொடுக்கிறார், ஒருவகை சேண்ட்ஃப்ளை என்றும் சொல்லிவிடுகிறார். அவ்வளவு கூர்ந்து பார்த்தவருக்கே மூன்று பெயர்களும் கலந்துதான் கிடைத்திருக்கின்றன. இன்று அந்தப் பெயர் மிட்ஜ் குடும்பத்துக்குத்தான் வழங்குகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை. அந்தச் சொல், அமெரிக்கப் பூர்வகுடிகள் பேசியதாகக் காட்டப்பட்ட உடைந்த ஆங்கிலத்தின் சாயலில் அமைந்தது. அதைக் காட்டுகிறேன் என்று கொச்சைத் தமிழில் எழுதிவிடாதீர்கள். 'கண்காணாப் பூச்சி' போதும்.

பங்க்கியும் அதே குடும்பம்தான், நியூயார்க் மாநிலப் பக்கத்துப் பெயர். எனக்கு இவற்றிலேயே மிகவும் பிடித்தது இது. அங்கே குடியேறிய டச்சுக்காரர்கள், டெலாவேர் பூர்வகுடிகளின் மன்சீ மொழியிலிருந்து எடுத்துக்கொண்ட சொல். மூலத்தில் தூசி, சாம்பல் என்ற பொருளோடு 'குட்டி' என்பதற்கான விகுதி சேர்ந்திருக்கிறது. கையில் ஒட்டிய சாம்பல் துணுக்கு திடீரென்று கடித்தால் எப்படி இருக்கும்! பங்க்கி என்றே எழுதி, இந்தப் பொருளை எப்படியாவது உள்ளே கொண்டுவந்துவிடுங்கள்.

ஸ்காட்லாந்து மிட்ஜை அப்படியே மிட்ஜ் என்று எழுதலாம். ஆனால் அது ஒன்றாக வருவதில்லை, மேகமாக வரும் என்பது தெரிய வேண்டும். காற்று அசையாத அந்திநேரம், சதுப்பு நிலம், ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லாத இறக்கை. கடிப்பது பெண் மட்டும். முதல் தொகுதி முட்டைக்கு அதற்கு ரத்தம்கூட வேண்டாம், அடுத்ததற்குத்தான் நம்மைத் தேடி வருகிறது. (இதே குடும்பத்தின் வேறு சிற்றினங்கள்தான் கொக்கோப் பூவில் மகரந்தம் சேர்க்கின்றன. அவை இல்லாவிட்டால் சாக்லேட் இல்லை.) கிளெக் இந்தக் கூட்டத்தில் சேராது. அது நம் ஊரில் மாட்டை விடாமல் கடிக்கும் பெரிய ஈயின் இனம், 'மாட்டு ஈ' என்று எழுதலாம்.

கொசு என்ற சொல்லை அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. மஸ்கீட்டோ என்பதே 'குட்டி ஈ' என்று பொருள்படும் ஸ்பானியச் சொல். அது 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வருவதற்கு முன் நேட் என்ற சொல்தான் கொசுவுக்கும் வழங்கியது. அதனால் கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குகிறவர்களைப் பற்றிய பைபிள் வசனத்தில், ஆங்கிலத்தின் நேட் தமிழில் கொசுவானது சரியே. ஆஸ்திரேலியர் மோஸி என்றாலும் அமெரிக்கர் ஸ்கீட்டர் என்றாலும் கொசுதான். இலங்கை வாசகருக்கு என்றால் நுளம்பு.

உங்கள் கட்டுரையாளர் மெய்னில் ஓரிடத்தில் சேண்ட்ஃப்ளை என்று எழுதியிருந்தால் மட்டும் சற்று நின்று பாருங்கள். ஓடையோரமா, சேற்றுக்கரையா, வேளை எது, கூடார வலைக்குள் நுழைந்ததா என்று முன்பின் வரிகளைப் படியுங்கள். பூச்சி எது என்று அங்கே தெரிந்துவிடும். தெரியாவிட்டால் அந்தப் பத்தியை அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.