காட்டு ஆராய்ச்சியில் வேலை கிடைக்குமா? குளுவாங் தோட்டப்புறத்தாரின் கேள்விகள்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் வட்டாரத் தோட்டங்களைச் சேர்ந்த பிள்ளைகளும் பெற்றோரும் வெப்பமண்டலச் சூழலியல், வனப் பாதுகாப்பு ஆராய்ச்சி வேலைகளைப் பற்றிக் கேட்டவை இவை. பதில் சொல்பவர் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் வளர்ந்து, இன்று காட்டு மரங்களை ஆராய்ந்துவரும் பெண்மணி.

எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு) எழுதிய மாணவன்: அக்கா, வனவிலங்கு ஆராய்ச்சிக்கு எங்கே, எதைப் படிக்க வேண்டும்?

தம்பி, செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தில் வனவியல் இருக்கிறது. கோத்தா கினபாலுவில் உள்ள சபா பல்கலைக்கழகம் வெப்பமண்டல உயிரியலுக்கென்றே தனிக் கழகம் வைத்திருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் இரண்டு விஷயங்களை விசாரித்துக்கொள்: களப்பணி எத்தனை வாரம், புள்ளியியலை ஒழுங்காகச் சொல்லித் தருகிறார்களா? யானையைப் பார்க்க வேண்டும் என்று வருபவர்கள் ஏராளம். புள்ளியியலுக்கான ‘ஆர்’ மென்பொருளில் நான்கு வரி எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. வேலை இவர்களைத்தான் முதலில் தேடி வருகிறது.

பட்டதாரிப் பெண், இப்போது கடையில் கணக்கு எழுதுகிறார்: பல பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. கடிதத்தை இணைத்திருக்கிறேன், பாருங்கள் அக்கா.

படித்தேன். “மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர், எனக்குச் சிறு வயது முதலே இயற்கையின் மீது தீராத ஆர்வம்” என்று தொடங்குகிறது. ஐயாவா அம்மையீரா என்றுகூடப் பார்க்காமல் எழுதப்பட்ட கடிதத்துக்கு யார் பதில் போடுவார்கள்? ஆர்வம் எல்லோருக்கும்தான் இருக்கிறது, அதை வைத்து யாரும் ஆள் எடுப்பதில்லை.

உங்கள் மூன்றாம் பத்தியில் ஒரு வரி ஒளிந்துகிடக்கிறது: இறுதியாண்டு ஆய்வுக்காகத் தோட்டத்து ஓடையோரம் தானியங்கிக் கேமரா வைத்து, மரநாய் வந்துபோகும் நேரங்களைப் பதிவு செய்தீர்கள் என்று. அதை மேலே ஏற்றுங்கள். பிறகு அந்தப் பேராசிரியரின் அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, உண்மையாகவே உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். எப்போது வேலையில் சேர முடியும், உங்களைப் பற்றிச் சொல்லக்கூடிய இருவர் யார் என்று எழுதி, ஒரு பக்கத்தில் முடித்துவிடுங்கள்.

உதவியாளர் வேலைகள் பெரும்பாலும் ஆய்வு மானியத்திலிருந்து வருபவை. உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு மானியம் கிடைத்தவுடன் ஆள் தேடுவார்கள். பல வேளைகளில் விளம்பரம் வருவதற்குள் இடம் நிரம்பிவிடும். மானிய முடிவுகள் வரும் சமயம் பார்த்து எழுதுங்கள்.

இன்னொன்று. தோட்டத்தில் வளர்ந்ததைப் பற்றி நீங்கள் ஒரு சொல்கூட எழுதவில்லை. வெட்கமா? அடுத்த பதிலையும் படியுங்கள்.

மண்டோர் (தோட்டக் கண்காணி) ஒருவர்: அம்மா, ஆராய்ச்சி என்றால் காட்டுக்குத்தானே போகிறார்கள்? செம்பனையில் ஆராய என்ன இருக்கிறது?

ஐயா, உங்களுக்குத் தெரிந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன். 1981க்கு முன்பு தோட்டங்களில் மகரந்தப் பொடியைக் கையால் தூவ ஆள் வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு, பூவுக்குப் பூ மகரந்தத்தைச் சுமந்துபோகும் ஒரு கூன்வண்டைக் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அதன்பின் அந்த வேலையே தேவையற்றுப் போனது. பூத்திருக்கும் ஆண் பூங்குலையைத் தட்டிப் பாருங்கள். உள்ளங்கையில் அரிசி நொய்போல் ஊர்வது அதுதான். ஆப்பிரிக்காவில் யாரோ செம்பனைப் பூவைப் பொறுமையாகக் கவனித்ததன் பலன் அது.

அடுத்து நெகிரி செம்பிலானின் பாசோ காடு. அங்கே 1980களில் 50 எக்டர் நிலத்தை அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிமன் உள்ள கன்று முதல் ஒவ்வொன்றுக்கும் எண் கட்டினார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள், எண்ணூறுக்கும் மேற்பட்ட இனங்கள்! சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி அளக்கிறார்கள். காட்டைச் சுற்றிப் பெரும்பகுதி செம்பனை. காட்டுப்பன்றிகள் தோட்டத்தில் உதிரிப் பழத்தை, அதாவது குலையிலிருந்து உதிர்ந்து கிடப்பதை, தின்று பெருகுகின்றன. குட்டி ஈனும் முன் பெண்பன்றி காட்டுக்குள் போய் இளங்கன்றுகளை ஒடித்துப் படுக்கை போடுகிறது. இருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கணக்கைப் பார்த்தபோது, சிறுமரங்கள் பாதிக்கு மேல் குறைந்திருந்தன. 2017இல் இது கட்டுரையாக வந்தது. கோடரி இல்லாமலே ஒரு காடு நம் பழத்தால் மெலிகிறது!

பன்றி எந்த வாய்க்கால் வழியாக வரும், எந்த மாதம் உதிரிப் பழம் அதிகம், எலி பிடிக்கும் ஆந்தைக்காக வைத்த பெட்டிகளில் எதில் ஆந்தை இன்னும் குடியிருக்கிறது? வெளியூர் ஆய்வாளர் ஓராண்டு செலவழித்துக் கற்பதை உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்துபோகும்போதே கற்றுவிடுகிறார்கள். விண்ணப்பத்தில் எழுத வேண்டியது இதைத்தான்.

ஒரு தாய்: பெண் பிள்ளை தனியாகக் காட்டில் இருப்பதா? நிரந்தர வேலையா இது?

அக்கா, தனியாக யாரையும் அனுப்பமாட்டார்கள். அனுப்புகிற குழுவில் சேரவே வேண்டாம். சபாவின் டானும் பள்ளத்தாக்கில் 1986 முதல் ஆய்வு நிலையம் இருக்கிறது. தங்குமிடம், சாப்பாடு எல்லாம் உண்டு. அட்டைக்கடிக்கு மட்டும் பழகிக்கொள்ள வேண்டும். நிரந்தரமா என்றால், தொடக்கத்தில் இல்லை. ஓராண்டு, இரண்டாண்டு, மூன்றாண்டு ஒப்பந்தங்கள்தான். முனைவர் பட்டத்துக்குப் பிறகும் சில காலம் அப்படியே போகும். விரிவுரையாளர், அரசு ஆய்வு அதிகாரி ஆகியவை நிரந்தரப் பணிகள், ஆனால் இடங்கள் சிலவே. அரசுப் பணிக்கு எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) மலாய்ப் பாடத்தில் கிரெடிட், அதாவது நல்ல தேர்ச்சி, கேட்பார்கள். அதில் அசட்டையாக இருக்க வேண்டாம்.

கல்லூரி மாணவர்: ‘பாதுகாப்புப் பணி அனுபவம்’ என்று ஒரு விளம்பரம். நான்தான் பணம் கட்ட வேண்டுமாம்.

அது சுற்றுலா. கையில் பணம் இருந்தால் போய்வாருங்கள், வேலை என்று நினைத்துக் கடன் வாங்காதீர்கள்.

அதே மாணவர்: சபாவில் வேலை கிடைத்தால் நேரே போய்விடலாமா?

முடியாது. நம்மைப் போன்ற தீபகற்ப மலேசியாக்காரர்கள், போர்னியோ தீவிலுள்ள சபாவிலும் சரவாக்கிலும் வேலை செய்ய அனுமதி வேண்டும். சபாவில் உயிரியல் மாதிரி எடுக்கும் ஆய்வென்றால் பல்லுயிர் மன்றத்தின் உரிமமும் தேவை. அழைப்பவர்களிடம், “யார் விண்ணப்பிப்பது, எவ்வளவு நாளாகும்?” என்று முதல் கடிதத்திலேயே கேளுங்கள்.

முதுகலை மாணவி: வெளிநாட்டுக்கு முயலலாமா?

தாராளமாக. பாசோவில் போலவே பனாமாவின் பாரோ கொலராடோ தீவிலும் மரங்களுக்கு எண் கட்டி அளந்துவரும் 50 எக்டர் காடு உண்டு. அங்கே அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் ஆய்வு நிறுவனம் மாணவர்களுக்குக் குறுகியகால உதவித்தொகை தருகிறது. தமிழ்நாட்டின் முதுமலையிலும் 1988 முதல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் அதே பரப்பை அளந்துவருகிறது. எல்லா இடத்திலும் மார்பு உயரம், அதாவது தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடா சுற்றுவார்கள். ஓரிடத்தில் பழகிய கை மற்ற இடத்திலும் உதவும். பிரிட்டன் போன்ற நாடுகளின் முனைவர் பட்ட விளம்பரங்களில் ‘முழு நிதி’ என்றிருந்தால், அது வெளிநாட்டு மாணவரின் கூடுதல் கட்டணத்தையும் ஏற்கிறதா என்று பாருங்கள். பலர் ஏமாறும் இடம் அது.

ஓய்வுபெற்ற பால்மர (ரப்பர்) தொழிலாளி: பேரன் ஐந்தாம் படிவத்தோடு நின்றுவிட்டான், பழம் வெட்டுகிறான். அவனுக்கு ஏதாவது வழி உண்டா, அம்மா?

உண்டு, தாத்தா. களப்பணி உதவியாளருக்குப் பட்டம் கேட்காத திட்டங்கள் பல. வரைபடம் பிடித்து நடக்கவும் இலையைப் பார்த்து மரத்தைச் சொல்லவும் போகப் போகப் பழகிக்கொள்ளலாம். இனம் காண்பதில் பட்டதாரிகளையே திருத்துகிற உதவியாளர்கள் இருக்கிறார்கள். கட்டுரையில் அவர்கள் பெயர் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில்தான் வருகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது வேறு சண்டை. பேரனை மோட்டார் உரிமம் எடுக்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் முன்னனுபவம் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று போட வேண்டாம், பழம் வெட்டிய ஆண்டுகளை எழுதட்டும்.